தண்டவாளம் வாங்குவதற்கு முன்: எக்ஸ்டிராக்கேட் மென்பொருள், ஒரு மதிப்புரை

வீட்டுக்குள் மாதிரி ரயில் அமைக்க விரும்புவோரில் பெரும்பாலோர் முதலில் வாங்குவது ஒரு தொடக்கப் பெட்டியைத்தான். ஓர் இன்ஜின், மூன்று நான்கு பெட்டிகள், நீள்வட்டம் ஒன்றுக்குப் போதுமான தண்டவாளத் துண்டுகள் அதில் இருக்கும். அதை விரிவாக்கும் எண்ணம் வந்த பிறகுதான் அறையின் அளவு, கதவு திறக்கும் திசை, கை எட்டும் தூரம், ஏற்றத்தின் விகிதம் ஆகிய கணக்குகள் ஒவ்வொன்றாக எழுகின்றன. இவற்றைக் காகிதத்தில் பென்சிலால் போட்டுப் பார்ப்பதில் ஒரு தொல்லை உண்டு: கையால் வரையும் வளைவு வரைபவரின் ஆசைக்கு ஏற்ப இறுகிக்கொடுக்கும், பாயிண்டுகள் (ஒரு பாதை இரண்டாகப் பிரியும் துண்டுகள்), அவை உண்மையில் எடுத்துக்கொள்ளும் நீளத்தில் பாதிக்குள் அடங்கிவிடும். அந்தச் சலுகையைத் தர மறுப்பதுதான், மாதிரி ரயில் பாதையைக் கணினியில் வரைந்து திட்டமிட உதவும் எக்ஸ்டிராக்கேட் மென்பொருளின் முதன்மையான பயன் என்பது என் மதிப்பீடு. அழகான படம் வேண்டுவோர் இதை விரும்பமாட்டார்கள். எண்கள் வேண்டுவோருக்கு இதைவிடப் பொருத்தமான இலவசக் கருவியை நான் அறியேன்.

டேவ் புல்லிஸ் என்பவர் முதலில் விற்பனைப் பொருளாக உருவாக்கிய இந்த மென்பொருள், பின்னர் ஜிபிஎல் உரிமத்தின் கீழ்க் கட்டற்ற மென்பொருளாகத் திறந்துவிடப்பட்டு, இப்போது தன்னார்வலர்களால் பராமரிக்கப்படுகிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் இயங்கும். இதே வேலையைச் செய்யும் எனிரெயில், ஸ்கார்ம் என்ற இரண்டும் பரவலாக அறியப்பட்டவை. ஆனால் எனிரெயிலின் இலவசப் பதிப்பு 50 பாதைத் துண்டுகளோடும், ஸ்கார்மின் இலவசப் பதிப்பு 100 துண்டுகளோடும் நின்றுவிடும். ஒரு சிறிய யார்டும் (பெட்டிகளை நிறுத்திப் பிரிக்கும் பாதைத் தொகுதி) இரண்டு லூப்களும் (பிரிந்து மீண்டும் சேரும் பக்கப் பாதைகள்) வரைந்தாலே ஐம்பதைத் தொட்டுவிடுவோம் என்பதால், பணம் கட்டும் முன் முழுத் திட்டத்தையும் வரைந்து பார்க்க விரும்புவோருக்கு இந்த வேறுபாடு பெரியது. எக்ஸ்டிராக்கேட்டில் அத்தகைய வரம்பு எதுவும் இல்லை.

சோதனைக்காக நான் எடுத்துக்கொண்டது, நகரத்து அடுக்ககங்களில் வழக்கமாகக் காணப்படும் 10 அடிக்கு 11 அடி அறை. மில்லிமீட்டரில் 3048 × 3353. ஓட வேண்டியது இந்திய ரயில்வேயின் எல்எச்பி எனப்படும் நீளமான புதுவகைப் பெட்டிகள் கொண்ட விரைவு வண்டி. புதிய லேஅவுட் (பாதை அமைப்பு) ஒன்றைத் தொடங்கும்போதே மென்பொருள் அறையின் நீள அகலத்தையும், ஸ்கேலையும் (சுருக்க விகிதம்), அனுமதிக்கப்படும் மிகச் சிறிய வளைவு ஆரத்தையும், மிக அதிகமான ஏற்றத்தையும் கேட்டு வாங்கிக்கொள்கிறது. இந்த நான்கையும் சிந்தித்து நிரப்புபவருக்கு மட்டுமே மீதி வேலை பயன்படும். ஏனெனில் பிறகு நாம் வரையும் எந்தப் பாதையாவது அந்த ஆரத்தைவிட இறுகினாலோ, அந்த ஏற்றத்தைவிடச் செங்குத்தானாலோ, அது உடனே வேறு நிறத்தில் தோன்றி நம்மைக் குறுக்கிடும். அந்த நிறத்தைப் பார்த்துவிட்டு வரம்பைத் தளர்த்தும் சபலம் எல்லோருக்கும் வரும். பெட்டியின் நீளம் மாறாதவரை வரம்பையும் மாற்றாமல் இருப்பதே நல்லது.

வரம்பு எண்ணைத் தீர்மானிப்பதற்கு மாதிரி ரயில் திட்டமிடுவோரிடையே நெடுநாளாகப் புழங்கும் ஒரு விதி இருக்கிறது. வண்டியிலேயே மிக நீளமான பெட்டியின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு ஆரத்தில் வளைவு அமைத்தால் சில பெட்டிகளை மட்டும் எப்படியோ ஓட்டலாம். இரண்டரை மடங்கில் ஒத்த நீளமுள்ளவை நம்பகமாக ஓடும். மூன்று மடங்கில் எல்லாமே தடம் புரளாமல் ஓடும். நான்கு மடங்குக்கு மேல் போனால்தான் வளைவின் வெளிப்புறத்திலிருந்து பார்க்கும்போதும் கண்ணை உறுத்தாது. எல்எச்பி பெட்டியின் உடல் நீளம் 23.54 மீட்டர். அது எச்ஓ ஸ்கேலில், அதாவது 1:87 என்ற விகிதத்தில், சுமார் 270 மில்லிமீட்டராகவும், 1:160 என்ற விகிதமுள்ள ‘என்’ (N) ஸ்கேலில் சுமார் 147 மில்லிமீட்டராகவும் சுருங்குகிறது. ஆகவே மூன்று மடங்கு விதிப்படி எச்ஓவுக்கு 810 மில்லிமீட்டர் ஆரமும், என் ஸ்கேலுக்கு 441 மில்லிமீட்டர் ஆரமும் தேவை. இந்திய வண்டிகளை எச்ஓவில் ஓட்ட விரும்புவோர் இன்னொரு சமரசத்தையும் ஏற்றாக வேண்டும். நமது பிராட் கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம், 1676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்குச் சற்றே மேல் வரும், ஆனால் கடையில் கிடைக்கும் எச்ஓ பாதை 1435 மில்லிமீட்டர் கேஜின் சுருக்கமான 16.5 மில்லிமீட்டர்தான். வண்டி சரியான அளவில் இருக்கும், பாதை மட்டும் இடுங்கியிருக்கும். திட்டமிடலை இது பாதிப்பதில்லை என்பதால் இதை இங்கேயே விட்டுவிடலாம்.

நம் ஊரில் பிளைவுட் கடையில் முதலில் கையில் கிடைப்பது எட்டுக்கு நான்கு அடிப் பலகை, அதாவது 2440 × 1220 மில்லிமீட்டர். எனவே அதன் மேல் ஒரு நீள்வட்டம் என்ற எளிய திட்டத்தையே முதலில் வரைந்தேன். எச்ஓவில் விளிம்புக்கு 55 மில்லிமீட்டர் விட்டால் அடங்கக்கூடிய மிகப் பெரிய ஆரம் 555. பெட்டி நீளத்தில் இரண்டு மடங்குக்கு ஒரு நூலிழை மேல். 810 என்று வரம்பு கொடுத்திருந்ததால் இரண்டு அரைவட்டங்களும் முழுமையாக எச்சரிக்கை நிறத்தில் வந்தன. அதே பலகையில் என் ஸ்கேலுக்கு மாறியபோது 570 வரை ஆரம் கிடைத்தது. அது பெட்டி நீளத்தைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. உள்ளே இணையாக இரண்டாவது பாதை போடவும் இடம் இருந்தது. அறைக்குள் எச்ஓவா, என் ஸ்கேலா என்ற விவாதத்தை மணிக்கணக்கில் நடத்துவதைவிட, இரண்டையும் வரைந்து பார்ப்பது விரைவாக முடிவு சொல்கிறது. ஸ்கேலை மாற்றுவதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. ஆனால் குறிப்பிட்ட நிறுவனத்தின் பாயிண்டுகளை வைத்திருந்தால் மறு ஸ்கேலில் அதே வடிவம் விற்பனையில் இருக்காது என்பதால், புதிதாக வரைவதே மேல்.

பலகைத் திட்டத்தின் இன்னொரு குறையை மென்பொருள் தானாகச் சொல்லாது. அளவுகோல் கருவியை எடுத்து நாமே அளந்தறிய வேண்டும். மேசையின் ஒரு பக்கத்திலிருந்து கை வசதியாக எட்டுவது சுமார் 75 சென்டிமீட்டர்தான். 1220 மில்லிமீட்டர் அகலப் பலகையைச் சுவரோடு ஒட்டினால், பின்புறப் பாதையில் வண்டி தடம் புரளும்போது யாரும் அதைத் தொட முடியாது. நடுவில் போட்டாலோ அறையே மேசைக்காகிவிடும். ஆகவே சுவர்களைச் சுற்றி 40 முதல் 60 சென்டிமீட்டர் அகலத்தில் பலகை ஓட்டும் அமைப்பே இந்த அறைக்குப் பொருந்துகிறது. இதை வரையும்போது கதவின் வீச்சையும் ஒரு வட்ட வில்லாக வரைந்து, சன்னல், அலமாரி ஆகியவற்றோடு தனி அடுக்கில் வைத்து, அந்த அடுக்கைப் பூட்டிவிடலாம். அதன் பிறகு பாதைகளை எவ்வளவு நகர்த்தினாலும் அறையின் கோடுகள் அசையா. உள்நோக்கித் திறக்கும் கதவு இருந்தால் அந்த இடத்தில் கழற்றி மாட்டும் பாலம் ஒன்று தேவைப்படும் என்பது படத்தைப் பார்த்த கணத்தில் தெரிந்துவிடுகிறது. அந்தப் பாலத்தின் மேல் வளைவோ பாயிண்டோ வராமல், நேர்ப்பாதை மட்டுமே வரும்படி நகர்த்திக்கொள்வது நம் பொறுப்பு.

சுவரோர அமைப்பிலும் எண்கள் இரக்கமின்றிப் பேசுகின்றன. எச்ஓவில் இரு மூலைகளின் வளைவுக்கும் விளிம்புக்கும் இடம் ஒதுக்கினால், நீளச் சுவரில் மிஞ்சும் நேர்ப்பாதை சுமார் 1600 மில்லிமீட்டர். ஐந்து பெட்டிகளும் ஓர் இன்ஜினும் சேர்ந்தால் அதே நீளம். நிலையத்தில் லூப் அமைக்கப் பாயிண்டுகளுக்கு இடமே இல்லை. நடைமேடை மூலை வளைவுக்குள் புகுந்தாக வேண்டும். என் ஸ்கேலில் அதே சுவர் 2390 மில்லிமீட்டர் நேர்ப்பாதை தருகிறது. வண்டிக்கு ஏறத்தாழ 865 மில்லிமீட்டர் போதும். இரு முனைகளிலும் காட்டோ நிறுவனத்தின் 6-ஆம் எண் பாயிண்டுகளை வைத்தால் ஒவ்வொன்றும் 186 மில்லிமீட்டர் எடுத்துக்கொள்ளும். பிரிந்த பாதை மீண்டும் இணையாகத் திரும்பும் தூரத்தையும் சேர்த்தாலும் மூன்று பாதைகள் கொண்ட நிலையம் ஒன்று வசதியாக அமர்கிறது. 22 பெட்டிகள் கொண்ட முழு வண்டியை நிறுத்தலாமா என்று ஆசைக்காக வரைந்து பார்த்தேன். என் ஸ்கேலிலேயே பெட்டிகள் மட்டும் 3.2 மீட்டர், இன்ஜினையும் சேர்த்தால் மூலைக்கு மூலை சுவர் முழுவதையும் அடைக்கும். எச்ஓவில் அது ஆறு மீட்டர். வீட்டு அறையில் ஐந்தாறு பெட்டிகளோடு நிறைவடைய வேண்டியிருப்பதன் காரணம் இதுதான்.

இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்தது, நேர்ப்பாதையையும் வளைவையும் இணைக்கும்போது இடையில் அது சேர்க்கும் மாறுநிலை வளைவு. உண்மையான ரயில்பாதையில் நேர்ப்பாதை திடீரென முழு வளைவாக மாறுவதில்லை. ஆரம் படிப்படியாகக் குறைந்து, பிறகுதான் நிலையான வளைவு தொடங்கும். மாதிரி ரயிலில் துண்டு துண்டாக விற்கப்படும் செட் டிராக்கில் அந்தப் படிநிலை இல்லை. அதனால்தான் நீளமான பெட்டிகள் வளைவுக்குள் நுழையும்போது வெட்டி இழுப்பதுபோல் ஆடுகின்றன, அடுத்தடுத்த பெட்டிகளின் கொக்கிகளும் பக்கவாட்டில் இழுபடுகின்றன. இங்கே மாறுநிலை வளைவை எவ்வளவு நீளமாக வேண்டும் என்று ஒருமுறை தேர்ந்துவிட்டால், இணைப்புக் கட்டளை ஒவ்வொரு முறையும் அதைத் தானே கணக்கிட்டுச் சேர்த்துவிடுகிறது. அதற்கு விலையாக வளைவு சற்றே உள்நோக்கி நகர்வதையும், மூலையில் கொஞ்சம் கூடுதல் இடம் தேவைப்படுவதையும் கண்ணால் காணலாம். கார்னு என்ற இன்னொரு வகைப் பாதை உண்டு. இரு முனைகளையும் அவற்றின் திசையையும் கொடுத்தால் இடையில் மிக மென்மையான வளைவை அது இழைத்துக்கொள்ளும், பிறகு நடுவே ஒரு புள்ளியைப் பிடித்து இழுத்து வடிவத்தைத் திருத்தலாம். கையால் வளைக்கக்கூடிய ஃபிளெக்ஸ் டிராக்கைப் பயன்படுத்தத் தீர்மானித்தவர்களுக்கு இந்த இரண்டு வசதிகளுக்காகவே எக்ஸ்டிராக்கேட்டைப் பரிந்துரைப்பேன். செட் டிராக் மட்டுமே போதும் என்பவர்களுக்கு இவற்றால் பயன் ஏதும் இல்லை.

ஏற்றக் கணக்கிலும் இதே கண்டிப்பைக் காணலாம். பாதையின் முனைகளில் உயரத்தைக் குறித்தால் இடைப்பட்ட இடங்களின் உயரத்தையும் ஏற்ற விழுக்காட்டையும் மென்பொருள் கணக்கிடுகிறது; பக்கவாட்டுத் தோற்றத்தைக் கோடாக வரைந்தும் காட்டுகிறது. ஒரு பாதை இன்னொன்றின் மேல் கடக்க வேண்டுமானால், கீழ்த் தண்டவாளத்துக்கும் மேல் தண்டவாளத்துக்கும் இடையே என் ஸ்கேலில் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் தேவை. 2 விழுக்காட்டு ஏற்றத்தில் அந்த உயரத்தை எட்ட 2.5 மீட்டர் ஓட வேண்டும்; இறங்க இன்னொரு 2.5 மீட்டர். எட்டடிப் பலகையில் எட்டு வடிவத்தை மேம்பாலத்தோடு வரைபவர்கள் பலரும் கவனிக்கத் தவறும் எண் இது. மும்பைக்கும் புனேவுக்கும் இடையிலான போர் காட் மலைப்பாதையின் 37-க்கு 1 என்ற ஏற்றம் 2.7 விழுக்காடுதான், அதற்கே பின்னாலிருந்து தள்ளும் துணை இன்ஜின்கள் தேவைப்படுகின்றன என்பதை நினைத்தால், 4 விழுக்காட்டில் மாதிரி வண்டி திணறுவதில் வியப்பில்லை. நீலகிரி மலை ரயிலை மாதிரியாகச் செய்ய விழைபவர்கள் கதை வேறு. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் பற்சட்டத்தின் துணையோடு சுமார் 8 விழுக்காடு ஏறும் பாதை அது. அங்கே தொடக்கத்திலேயே ஏற்ற வரம்பை உயர்த்தாவிட்டால் வரைபடம் முழுவதும் எச்சரிக்கை நிறத்தில் மூழ்கிவிடும்.

இரண்டு தளங்களை இணைக்கும் ஹீலிக்ஸ் என்ற சுருள்பாதைக்குத் தனிக் கட்டளை இருக்கிறது. உயர வேறுபாடு, ஆரம், சுற்றுகளின் எண்ணிக்கை, ஏற்றம், சுற்றுகளுக்கு இடையிலான இடைவெளி ஆகியவை ஒரே சாளரத்தில் தரப்பட்டு, ஒன்றை மாற்றினால் மற்றவை அதற்கேற்ப மாறுகின்றன. 400 மில்லிமீட்டர் ஆரம் கொண்ட ஒரு சுற்று 2.5 மீட்டர் பாதை. சுற்றுக்கு 50 மில்லிமீட்டர் என்றால் ஏற்றம் ஏறத்தாழ 2 விழுக்காடு. முப்பது சென்டிமீட்டர் ஏற ஆறு சுற்றுகள், பதினைந்து மீட்டர் தண்டவாளம். அவ்வளவு பாதையையும் கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்துவைக்கவா என்ற கேள்வி அப்போது தானாக எழும். மென்பொருள் தரும் விழுக்காடு வடிவியல் எண் மட்டுமே; வளைவில் சக்கரங்கள் உரசுவதால் இழுவை கூடும் என்பதைக் கணக்கில் கொண்டு, சுருளில் ஏற்றத்தை இன்னும் குறைத்தே வைக்க வேண்டும்.

வரைந்த பாதையில் வண்டியை ஓட்டிப் பார்க்கும் வசதியும் உண்டு. பெட்டிகளைக் கோத்து, பாயிண்டுகளைச் சொடுக்கி மாற்றி, யார்டில் ஷண்டிங் (பெட்டிகளைப் பிரித்து இடம் மாற்றிக் கோத்தல்) செய்து பார்க்கலாம். விளையாட்டாகத் தோன்றினாலும், ஷண்டிங் கழுத்து (யார்டிலிருந்து பெட்டிகளை வெளியே இழுக்கும் பாதை) போதிய நீளமா, இன்ஜின் தப்பித்து மறுமுனைக்கு வர லூப் இடம் தருகிறதா என்பதை இதைப்போல் வேறெதுவும் காட்டாது. நான் வரைந்த முதல் யார்டில் இன்ஜினோடு இரண்டு பெட்டிகளுக்கு மேல் இழுக்க முடியவில்லை என்பது அப்படித்தான் தெரிந்தது.

குறைகள் சிறியவை அல்ல. முதலாவது, பழகும் சிரமம். பொத்தான்கள் நெருக்கமாகவும் பழைய காலத் தோற்றத்திலும் இருக்கின்றன; ஒரே வளைவை வரைய நான்கு வழிகள் இருப்பதால் புதியவர் எதைத் தொடுவது என்று தடுமாறுவார். நிறுவனங்களின் பாதைத் துண்டுகள் தனித்தனிக் கோப்புகளாக இருப்பதால், வேண்டியவற்றை நாமே தேடி ஏற்றிக்கொள்ள வேண்டும். பெக்கோ, காட்டோ, அட்லஸ், மார்க்லின் போன்றவை அவற்றில் உண்டு. தமிழ் இடைமுகம் இல்லை. உதவிப் பகுதியிலேயே பதிவுசெய்யப்பட்ட செயல்விளக்கங்கள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை முழுவதும் பார்த்து முடித்த பிறகு வரையத் தொடங்குவதே அறிவுடைமை. இரண்டாவது, முப்பரிமாணக் காட்சி இல்லை. குன்றும் சுரங்கமும் பாலமும் எப்படித் தோன்றும் என்பதை வீட்டாருக்குக் காட்டி இசைவு பெற வேண்டிய நிலையில் இருப்பவர்கள் ஸ்கார்மை நாடலாம். வரைந்ததை உடனுக்குடன் முப்பரிமாணத்தில் சுழற்றிக் காட்டுவதில் அது சிறந்தது. எனிரெயில் இந்த மூன்றிலும் கையாள எளிது. கணினி வரைபட அனுபவமே இல்லாதவரும் ஒரே மாலையில் பழகிவிடுவார். மூன்றாவது, மின் இணைப்புப் பிழைகளைப் பற்றி இது மௌனம் சாதிக்கிறது. வண்டி வந்த பாதையிலேயே திரும்பிச் செல்லும்படி ஒரு மீள்வளையத்தை வரைந்தால், இரு தண்டவாள மின்னோட்ட முறையில் இடப்புறத் தண்டவாளம் வலப்புறத்தோடு சந்தித்துக் குறுக்கு மின்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படும். அங்கே இரு முனைகளிலும் இடைவெளி விட்டுத் தனிப் பகுதியாகப் பிரிக்க வேண்டும் என்ற எச்சரிக்கையை மென்பொருளிடமிருந்து எதிர்பார்க்க முடியாது.

வரைபடத்தை உண்மை அளவிலேயே அச்சிடும் வசதி, பலகையில் வேலை தொடங்கும்போது கைகொடுக்கிறது. எட்டுக்கு நான்கு அடிப் பலகைக்கு ஏ4 தாள்கள் ஐம்பது அறுபது தேவைப்படும். ஆனால் எந்தெந்தத் தாள்கள் வேண்டும் என்று திரையில் தொட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், பாயிண்டுகள் குவிந்திருக்கும் நிலையப் பகுதியை மட்டும் அச்சிட்டு, ஓரக் குறிகளைப் பொருத்தி ஒட்டிக்கொள்வது போதுமானது. அச்சுப்பொறி தாளுக்கு ஏற்றபடி படத்தைச் சுருக்கும் அமைப்பை நிறுத்திவிட வேண்டும். முதல் தாளில் உள்ள நேர்ப்பாதைத் துண்டொன்றை அடிக்கோலால் அளந்து சரிபார்த்த பிறகே மற்றவற்றை அச்சிடலாம். முழு வரைபடமும் ஒரே தாளில் வேண்டுமென்றால் அதைப் பிடிஎஃப் கோப்பாக்கி, கட்டட வரைபடம் அச்சிட்டுத் தரும் கடையில் கொடுக்கலாம்.

தேவைப்படும் பொருட்களின் பட்டியலையும் மென்பொருள் தருகிறது. விலைகளை நாமே நிரப்பி வைத்தால் மொத்தத் தொகையையும் கூட்டிச் சொல்லும். இந்தியாவில் வாங்குவோர் அந்த விலையில் அனுப்புச் செலவையும் சுங்க வரியையும் சேர்த்தே எழுத வேண்டும். ஃபிளெக்ஸ் டிராக் அந்தப் பட்டியலில் மொத்த நீளமாக வருகிறது, ஆனால் கடையில் பெக்கோவின் துண்டு 914 மில்லிமீட்டராகத்தான் கிடைக்கும்; வளைவுகளில் உட்புறத் தண்டவாளத்தை வெட்டும்போது வீணாவதையும் எண்ணி, பட்டியல் காட்டுவதைவிடச் சில துண்டுகள் கூடுதலாகச் சொல்லி வைப்பது நல்லது. பாயிண்டுகளுக்கு அந்தத் தேவை இல்லை. பட்டியலில் உள்ள எண்ணிக்கையை அப்படியே நம்பி வாங்கலாம்.